பாடப் பக்கத்தில் வந்த புரோகிராம் ஏன் ஓடவில்லை?

ஆசிரியருக்கு,

வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்களுக்காக ஒரு பைத்தான் புரோகிராம் வந்திருந்தது. ஐந்து பாடங்களின் மதிப்பெண்ணை வாங்கிக் கூட்டிச் சொல்லும் கிளாஸ், அதாவது ஒரே பெயரின் கீழ் சேர்த்து எழுதிய புரோகிராம் தொகுப்பு. மொத்தம் 18 வரி. எங்கள் எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். செய்முறைத் தேர்வு நெருங்குகிறதே என்று அன்று சாயங்காலமே பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு லேப்டாப்பில் அடித்திருக்கிறாள். ஓடவில்லை. எட்டரை மணிக்கு என் கடைக்கு வந்துவிட்டாள். "அத்தை, பேப்பர்ல இருக்கிற மாதிரியேதான் அடிச்சேன், ஒரு எழுத்துகூட மாத்தல" என்றாள்.

பேப்பரில் இருந்த மாதிரியே அடித்ததால்தான் ஓடவில்லை. 18 வரியும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. எது கிளாஸுக்கு உள்ளே, எது லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) உள்ளே என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடத்தை வைத்துத்தான் பைத்தான் தெரிந்துகொள்கிறது. அந்த இடம் போய்விட்டால் அது புரோகிராமே இல்லை, வெறும் வரிகள். சரி என்று அவளே யோசித்து இடம் விட்டு அடித்தாள். கடைசி பிரின்ட் வரியை லூப்புக்குள் தள்ளினாள். மொத்த மதிப்பெண் ஐந்து தடவை வந்தது. அதை வெளியே எடுத்தால் இன்னொரு பிழை. மதிப்பை வாங்கிக்கொள்ளும் பகுதியின் பெயரான இனிட் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு வரவேண்டும். உங்கள் பக்கத்தில் அந்த இரண்டும் ஒட்டி ஒரே கோடாகத் தெரிந்தன. அவள் ஒன்றுதான் போட்டிருந்தாள். ஒரு கோடு போட்டால் அந்த இடத்தில் பைத்தான் பிழை சொல்லாது. அதை ஏதோ ஒரு சாதாரண ஃபங்ஷன் என்று எடுத்துக்கொண்டு, கீழே வேறு எங்கேயோ போய், இந்த கிளாஸ் எந்த மதிப்பையும் வாங்காது என்று புகார் சொல்லும். பதினேழு வயதுப் பிள்ளை அதைப் படித்து என்ன கண்டுபிடிப்பாள்?

அப்புறம் உங்கள் இணையப் பதிப்பில் இருந்து காப்பி செய்து ஒட்டிப் பார்த்தோம். அங்கே மேற்கோள் குறிகள் எல்லாம் வளைந்த குறிகளாக இருந்தன. வேர்டில் அடித்தால் தானாக வளைத்துவிடும் அல்லவா, அது. கட்டுரைக்கு அழகு. பைத்தானுக்கு அது தெரியாத எழுத்து. முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

குறை சொல்வதற்கு மட்டும் இந்தக் கடிதம் இல்லை. இதே தப்பை நான் பல வருடம் செய்திருக்கிறேன். சிவகாசியில் 27 வருடமாக டிடிபி மையம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பில் புக், ஜூன் மாதம் வந்தால் பள்ளி கைடுகள். கணினி அறிவியல் கைடு எத்தனையோ பேஜ் லேஅவுட் செய்தேன். எல்லாம் சி பிளஸ் பிளஸ். வரிகளை இடது பக்கம் ஒட்டுவேன், பத்திக்கு இடம் போதாவிட்டால் இரண்டு வரியை ஒன்றாகவும் சேர்ப்பேன். ஒருவரும் போன் செய்து திட்டியதில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது: சி பிளஸ் பிளஸில் உள்ளே வெளியே என்பதை நெளிவு அடைப்புக்குறி சொல்லிவிடும், வரி முடிவை அரைப்புள்ளி சொல்லிவிடும். இடத்தை நான் எப்படித் தின்றாலும், புரோகிராமைப் படித்துக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் கண்டுகொள்ளாது. 2019இல் பாடத்திட்டம் மாறி பிளஸ் டூவுக்கு பைத்தான் வந்தது. அந்த வருடம் நான் பக்கம் கட்டிய ஒரு கைடில் ஒரு பாடம் முழுக்க ஒரு புரோகிராம்கூட ஓடவில்லை. பதிப்பாளர் பிழைதிருத்தத் தாள் அச்சடித்து ஒவ்வொரு பிரதிக்குள்ளும் செருகினார். செலவு என் பில்லில் கழிந்தது.

அப்போது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் இங்கே ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக ஸ்டிக்கில் கோப்பவர். அவருடைய கேஸில் எழுத்துகளுக்கு இருந்த மரியாதை இடைவெளிகளுக்கும் இருந்தது. பத்தியின் தொடக்கத்தில் உள்தள்ள வேண்டும் என்றால் ஒரு எம் குவாட், அதாவது எழுத்து இல்லாத வெற்று ஈயத் துண்டு, எடுத்து வைக்க வேண்டும். சும்மா விட்டால் வரி நிற்காது, ஃபார்மை இறுக்கும்போது எழுத்துகள் சரிந்துவிடும். இடம் என்பது அவர் கையில் எடை உள்ள ஒரு பொருள். நான் பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் உட்கார்ந்ததும் அது ஸ்பேஸ் பார் ஆகிவிட்டது. ஜஸ்டிஃபை கொடுத்தால் இழுபடும், பேஸ்ட் செய்தால் காணாமல் போகும்.

காணாமல் போவது எங்கே என்று பார்த்தால், ஒரே இடத்தில் இல்லை. ஆசிரியர் புரோகிராமை வேர்டில் ஒட்டுகிறார். மேற்கோள் குறி வளைகிறது. இரண்டு கழித்தல் குறி நீளக் கோடாகிறது, வரியின் முதல் எழுத்து பெரிய எழுத்தாகிறது. அதை வாட்ஸ்அப்பில் மெசேஜாக அனுப்புகிறார். நாங்கள் அதை லேஅவுட்டில் ஊற்றுகிறோம். பத்தி அகலம் குறுகலாக இருந்தால் மென்பொருள் தானாகச் சொல்லை உடைத்து ஒரு ஹைஃபன் போடுகிறது. படிக்கும் பிள்ளை அதைக் கழித்தல் என்று நினைக்கிறது. பிறகு புரூஃப் பார்ப்பவர் வந்து, கமாவுக்கு முன்னால் இடம் இருக்கிறதே என்று எடுத்துவிடுகிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்கிறார்கள், அதுவும் நன்றாகவே.

தமிழ் அச்சுக்கு என்றே இன்னொரு தொல்லை உண்டு. பேஜ்மேக்கருக்கு யூனிகோட், அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் முறை, தெரியாது. அதனால் எங்கள் ஊரில் இன்றும் பல கடைகளில் பாமினி மாதிரியான பழைய ஃபாண்ட்கள்தான் ஓடுகின்றன. அவற்றில் ஆங்கில எழுத்துக்கு உரிய எண்ணிலேயே தமிழ் எழுத்தை உட்கார வைத்திருப்பார்கள். பாமினியில் அரைப்புள்ளியை அடித்தால் வருவது மெய்யெழுத்தின் புள்ளி. ஆங்கில 'கே' அடித்தால் 'ம'. பத்தி முழுவதையும் செலக்ட் செய்து தமிழ் ஃபாண்ட் கொடுத்தால் நடுவில் இருக்கும் புரோகிராமும் தமிழாகிவிடும், படிக்க முடியாத தமிழ். அதைக் கையால் ஒவ்வொரு வரியாக ஆங்கில ஃபாண்டுக்கு மாற்றும்போது எங்கேயாவது ஒரு அரைப்புள்ளி தப்பித்து, ஒரு வரி கடைசியில் தனியாக ஒரு புள்ளி மிதக்கும். என் கைடுகளில் மிதந்திருக்கிறது.

இதற்கு வழி உண்டு, காசும் ஆகாது. ஓடிப் பார்த்த புரோகிராம் கோப்பையே நேராக அச்சுக்கும் இணையத்துக்கும் ஏற்ற ஆவணமாக மாற்றித்தரும் கட்டற்ற மென்பொருள்கள் பல வருடமாக இருக்கின்றன. லினக்ஸ்காரர்கள் சோர்ஸ்-ஹைலைட் என்பார்கள். லொரென்சோ பெட்டினி எழுதியது, குனு திட்டத்தைச் சேர்ந்தது. பைத்தானிலேயே எழுதப்பட்ட பிக்மென்ட்ஸ் இருக்கிறது. தாளில் அடிப்பதற்கென்றே பிரின்டருக்குப் புரியும் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றும் என்ஸ்கிரிப்ட், ஏ2பிஎஸ் போன்ற பழைய ஆட்களும் இருக்கிறார்கள். நான் தினமும் பயன்படுத்துவது ஆந்த்ரே சைமன் எழுதிய ஹைலைட். விண்டோஸில் ஜன்னலோடு வரும், கட்டளை எதையும் அடிக்க வேண்டாம். கோப்பைத் திறந்து, என்ன வடிவில் வேண்டும் என்று சொன்னால் போதும்: ஹெச்டிஎம்எல், ஆர்டிஎஃப், லேடெக், எஸ்விஜி.

இவை செய்வது பெரிய மந்திரம் இல்லை. புரோகிராமின் பொருள் இவற்றுக்குப் புரியாது. எழுத்துகளை இடமிருந்து வலமாக வாசித்து, இது மொழியின் சொல், இது மேற்கோளுக்குள் இருக்கும் சரம், இது எண், இது குறிப்புரை என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறமோ தடிமனோ கொடுக்கின்றன. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிரிப்பில் புரூஃப் ரீடருக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. புரோகிராம் தெரியாதவரே பிழையைக் கண்ணால் பிடித்துவிடலாம். ஒரு மேற்கோள் குறி மூடாமல் விட்டிருந்தால், அங்கிருந்து அந்த வரியின் மிச்சம் முழுவதும் சரத்தின் நிறத்துக்குப் போய்விடும். வளைந்த மேற்கோள் வந்திருந்தால் அது சரமாகவே நிறம் மாறாது. பிக்மென்ட்ஸின் வழக்கமான ஸ்டைலில் புரியாத எழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழும். என் கடையில் புரூஃப் பார்க்கும் அம்மா எட்டாம் வகுப்பு படித்தவர். ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார். "இந்த வரி பாதிக்கு மேல பச்சையாப் போவுது, என்னன்னு பாருங்க" என்பார். பார்த்தால் சரியாக இருக்கும், அதாவது அவர் சொன்னது.

இப்போது அச்சுக்காரியாக ஒரு எச்சரிக்கை. கலர் கலராக வருகிறதே என்று அதை அப்படியே நாளிதழில் ஏற்றிவிடாதீர்கள். பச்சை எழுத்து என்பது நீல மை, மஞ்சள் மை இரண்டின் கலவை. சிவப்பு என்றால் மெஜந்தாவும் மஞ்சளும். ஏழு எட்டு பாயிண்ட் எழுத்தில் இரண்டு பிளேட்டும் ஒரு முடி அளவு விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும், அடிக்கோடு காணாமல் போகும். அதைவிட மோசம் கறுப்பு. திரைக்குரிய ஆர்ஜிபி கறுப்பை நாலு வர்ணத்துக்கு மாற்றினால் அது ஒற்றைக் கறுப்பு பிளேட்டில் உட்காராது. நாலு பிளேட்டிலும் பரவும். பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும், மை மையாகப் பிரித்துக் காட்டும் செபரேஷன் திறந்து பார்த்தால்தான் தெரியும். நியூஸ்பிரின்ட் மையை உறிஞ்சிப் பரப்பும் தாள் வேறு. இன்னும் சிலர் திரையில் அழகாக இருக்கிறது என்று கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைக் கேட்கிறார்கள். மை ஓடி எழுத்தின் வயிறு அடைபட்டுவிடும், 'ஓ'வும் பூஜ்யமும் ஒரே பொட்டாகிவிடும்.

நாளிதழுக்கு ஒரே கறுப்பு போதும். மொழியின் சொற்கள் தடித்த எழுத்து, குறிப்புரை சாய்ந்த எழுத்து, மற்றது சாதா. நிறம் பிரித்துப் பார்க்க முடியாத பிள்ளைகளுக்கும் இது உதவும், ஜெராக்ஸ் எடுத்தாலும் அழியாது. இது புதுசும் இல்லை. 1960இல் அல்கால் என்ற பழைய நிரல்மொழியின் அறிக்கை அச்சானபோதே பிகின், எண்ட் மாதிரி சொற்களைத் தடித்த எழுத்தில்தான் போட்டார்கள். திரையில் நிறம் காட்டுகிற வழக்கத்துக்கே அச்சு வேலையோடு உறவு உண்டு: 1985இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குக் கொண்டுபோகும் வேலைக்காக ஐபிஎம்மின் மைக் கௌலிஷா எழுதிய லெக்ஸ் என்ற எடிட்டர், அடிக்க அடிக்க நிறம் பிரித்துக் காட்டியது. நம் தொழிலில் இருந்து போனது நம்மிடமே திரும்பி வருவதாக வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லேஅவுட் பிரிவுக்குப் பயன்படும் என்பதால் என் முறையைச் சொல்கிறேன். ஹைலைட்டில் ஆர்டிஎஃப் எடுக்கும்போது எழுத்து ஸ்டைல்களையும் சேர்த்து எடுக்க ஒரு வசதி உண்டு. அதை இன்டிசைன் என்ற லேஅவுட் மென்பொருளில் பிளேஸ் செய்தால் (பக்கத்துக்குள் கொண்டுவந்து வைத்தால்) ஒவ்வொரு வகைக்கும் ஒரு கேரக்டர் ஸ்டைல் வந்து நிற்கும். ஒருமுறை உட்கார்ந்து அவற்றை என் ஸ்டைலோடு இணைத்துவிட்டால், அடுத்த முறை நிறம் எல்லாம் தானாக உதிர்ந்து தடிமனும் சாய்வும் மட்டும் மிஞ்சும். பத்தி ஸ்டைலில் ஹைஃபனேஷன் நிறுத்தம், ஜஸ்டிஃபை நிறுத்தம். டேப்பை எல்லாம் மாற்றும்போதே நாலு ஸ்பேஸாக மாற்றிவிடுகிறேன். எழுத்து எல்லாம் சம அகலமுள்ள ஃபாண்ட், பூஜ்யத்துக்குள் கோடு போட்டது. கூரியர் வகையில் ஒவ்வொரு எழுத்தும் பாயிண்ட் அளவில் பத்தில் ஆறு பங்கு அகலம். ஏழு பாயிண்டில் ஒரு எழுத்து 4.2 பாயிண்ட். உங்கள் இரண்டு பத்தி சேர்ந்து ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் என்றால் ஒரு வரிக்கு 54 எழுத்து கிடைக்கும். பள்ளிப் பாடத்தின் வரிகளுக்கு அது தாராளம். அதற்கு மேல் போகிற வரியை ஆசிரியரிடமே சொல்லி உடைத்துத் தரச் சொல்லுங்கள். நாம் உடைத்தால் தப்பாகத்தான் உடைப்போம்.

இணையப் பதிப்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, வேறு தொல்லை இருக்கிறது. ஹெச்டிஎம்எல்லில் அடுத்தடுத்து வரும் இடைவெளிகள் ஒன்றாகச் சுருங்கிவிடும், வரித் தொடக்கத்தில் இருப்பவை காணாமலே போகும். பிளஸ் ஒன்னுக்கு இன்னும் சி பிளஸ் பிளஸ்தான். அதன் முதல் வரியில் # இன்க்ளூட் என்று எழுதி, கோண அடைப்புக்குள் ஐஓஸ்ட்ரீம் என்று வரும். அந்தக் கோண அடைப்பையும் உள்ளே இருப்பதையும் உலாவி தன் குறிச்சொல் என்று நினைத்து விழுங்கிவிடும். இன்க்ளூட் மட்டும் அந்தரத்தில் நிற்கும். எத்தனையோ பாடத் தளங்களில் இப்படிப் பார்த்திருக்கிறேன். நான் சொன்ன கருவிகள் ஹெச்டிஎம்எல்லாக மாற்றும்போது இந்தக் குறிகளுக்கு உரிய மாற்றெழுத்தைத் தாங்களே போட்டு, இடைவெளி சுருங்காத பெட்டிக்குள் வைத்துத் தந்துவிடும். சிலர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாகப் போடுகிறார்கள். அதைக் காப்பி செய்யவும் முடியாது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுச் சுவர். அதே படத்தை அச்சில் போட்டால் பொடி எழுத்து பஞ்சுபோல் உப்பியிருக்கும்.

தமிழிலேயே எழுதும் புரோகிராம்களைப் பற்றி ஒரு வார்த்தை. எழில் என்று தமிழ் நிரல்மொழி ஒன்று இருக்கிறது; பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்று அதன் சொற்கள். விடுமுறையில் என் மகன் அதற்கு பிக்மென்ட்ஸில் நிறம் கொடுக்க முயன்றான். வழக்கமான முறையில், சொல்லின் எல்லையைப் பார்த்து அடையாளம் காணச் சொல்லி எழுதினான். வேடிக்கை என்னவென்றால் தனியாக நின்ற 'முடி' நிறம் மாறவில்லை. 'முடிவு' என்று ஒரு மதிப்புக்கு வைத்த பெயரின் உள்ளே இருந்த 'முடி' மட்டும் நிறம் மாறியது! பைத்தானின் தேடல் முறை 'ட'வை எழுத்து என்கிறது, அதன் மேல் ஏறிய கொக்கியை எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் சொல் முடியாத இடத்தில் முடிந்ததாகவும், முடிந்த இடத்தில் முடியாததாகவும் அதற்குத் தோன்றுகிறது. அடுத்து வருவது தமிழ் எழுத்தோ குறியோ இல்லை என்பதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தான், சரியாகிவிட்டது. உங்கள் மாணவர் மலரில் எப்போதாவது எழில் பற்றி எழுதினால் அந்தக் கோப்பை அனுப்பிவைக்கிறேன்.

கேட்க வந்தது இரண்டு. புரோகிராம் அனுப்பும் ஆசிரியர்களிடம், வேர்ட் வேண்டாம், மெசேஜ் வேண்டாம், ஓடிப் பார்த்த கோப்பையே மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கள் என்று ஒரு வரி போடுங்கள். அந்தக் கோப்பை உங்கள் அலுவலகத்தில் ஒருவரும் திரும்ப அடிக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். கருவியில் கொடுத்து வருவதை பிளேஸ் செய்யுங்கள்.

இரண்டாவது, போன வாரத்துப் புரோகிராமைத் தயவுசெய்து இன்னொரு முறை வெளியிடுங்கள். திருத்தம் என்று ஒரு மூலையில் "வரிகள் உள்தள்ளி இருக்க வேண்டும்" என்று போட்டால் யாருக்கும் புரியாது. 18 வரியும் வேண்டும். ஆர்டிஎஃப், ஹெச்டிஎம்எல் இரண்டையும் இந்தக் கடிதத்தோடு உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண்ணின் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தோம். மொத்த மதிப்பெண் ஒரே தடவைதான் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு டிடிபி மைய உரிமையாளர்,
சிவகாசி